போனஃபைட் சர்டிபிகேட்டில் நான்கு பெயர்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த எந்தக் கல்லூரியின் கடைசி வருட பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரித்தாலும் முன்பக்கங்களில் போனஃபைட் சர்டிபிகேட் இருக்கும். இந்த வேலை இன்னின்னார் செய்தது, என் மேற்பார்வையில் செய்தார்கள் என்று கைடும் துறைத் தலைவரும் கையெழுத்துப் போடுகிற பக்கம். பெரும்பாலான பேட்ச்கள், அதாவது ஒரு பிராஜெக்டைச் சேர்ந்து செய்கிற நான்கு பேர் மாதிரியான அணிகள், சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து, பெயரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் மட்டும் மாற்றி, பைண்டிங் கடைக்கு அனுப்பிவிடுகின்றன. என்னைக் கேட்டால் அந்த முழு ரிப்போர்ட்டிலும் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்கம் அதுதான். நான்கு பேர் சேர்ந்து "இதை நாங்கள் செய்தோம்" என்று சொல்கிறார்கள். யார் எதைச் செய்தார்கள், யார் செய்ததை யார் சரிபார்த்தார்கள், யார் செய்யவே இல்லை, இது எதுவும் அதில் இருக்காது.

நான் கிண்டிப் பக்கம் ஒரு டிசைன் அலுவலகத்தில் இயந்திர வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கல்லூரிகளில் ரிவ்யூ பார்க்கவும் பிராஜெக்ட் எக்ஸ்போவில் மார்க் போடவும் அவ்வப்போது கூப்பிடுவார்கள், போவேன். இதற்கு நடுவில் சில பேட்ச்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறேன். அதில் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். இந்த செமஸ்டரில் ஜீரோத் ரிவ்யூவுக்கு, அதாவது பிராஜெக்டின் ஆரம்ப மதிப்பீட்டுக்கு, தயாராகிறவர்கள் யாராவது படித்தால் நல்லது.

எதிக்ஸ் பாடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்டத்தில், 'புரொஃபஷனல் எதிக்ஸ் இன் இன்ஜினியரிங்' என்று ஒரு விருப்பப் பாடம் இருந்தது, 2021 ரெகுலேஷனில் 'ஹியூமன் வேல்யூஸ் அண்ட் எதிக்ஸ்' இருக்கிறது. ஒழுக்க வளர்ச்சிக்கு உளவியலாளர் கோல்பெர்க் சொன்ன படிநிலைகள், கில்லிகன் சொன்ன மறுப்பு, போபால், செர்னோபில், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து 13 மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு வருகிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தில் வருகிறவர்கள் எல்லாம் எங்கோ இருக்கிற பெரிய கம்பெனிக்காரர்கள். ஹாஸ்டல் ரூமில் ராத்திரி பதினொரு மணிக்கு, "மச்சி, ரீடிங் சரியா வரல, போன வருஷ கிராஃபையே போட்டுடலாமா?" என்று கேட்கிறபோது அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வருவதில்லை. அது தங்களைப் பற்றிய பாடம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதும் இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒரு சக்கர நாற்காலி செய்தார்கள். நல்ல யோசனை, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்புகள் சென்னையில் எத்தனை இருக்கின்றன! ஒரு மாணவி ஃபிரேமை வரைந்து, பாரம் தாங்குமா என்று பார்க்கிற ஆன்சிஸ் மென்பொருளில் போட்டு, 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் தடிப்பு என்று முடிவு செய்திருந்தார். பாதுகாப்புக் காரணி, அதாவது வருகிற பாரத்தைப் போல எத்தனை மடங்கு தாங்கும் என்பது, 2.1 வந்தது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஃபிரேமை வெல்டிங் செய்யக் கொடுத்த அன்று 14 கேஜ் குழாய் கிடைக்கவில்லை. பட்டறைக்காரர் 18 கேஜ் இருக்கிறது, இதுவே போதும் தம்பி என்றார், கூடப் போன இரண்டு பையன்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு குழாயும் ஒன்றுதான், அதே 25 மில்லிமீட்டர். உள்ளே சுவர் மட்டும் 1.2 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் வளைவைத் தாங்குகிற திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, 2.1 என்பது 1.4 பக்கத்தில் வந்து நிற்கும். அதுவும் நாற்காலி அசையாமல் நின்றால். படியில் தடதடவென்று இறங்கும்போது விழுகிற அடி வேறு, மெல்லிய குழாயில் வெல்டிங் போடும்போது உருகி ஓட்டை விழுகிற ஆபத்து வேறு.

ரிப்போர்ட்டில் 2 மில்லிமீட்டர் என்றே இருந்தது, 2.1 என்றே இருந்தது. அந்த மாணவிக்குக் குழாய் மாறிய விஷயமே தெரியாது. பையன்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, ஏமாற்ற நினைக்கவில்லை. ஃபிரேமைத் தூக்கிப் பார்த்து இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியதால் குழாய் முனையில் வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிப்பைப் பார்க்கச் சொன்னேன். அன்று மதியம் துறைத் தலைவரின் அப்பாவை அதில் உட்கார வைத்துப் படியில் இறக்கி வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. அதை நிறுத்தினோம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு கான்சாஸ் சிட்டிதான் ஞாபகம் வரும். 1981 ஜூலை 17, அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ஹயாத் ரீஜென்சி என்ற ஹோட்டலின் உட்கூடத்தில் ஒரு நடன நிகழ்ச்சி. கூடத்துக்குக் குறுக்கே கூரையிலிருந்து தொங்கவிட்ட நடைபாலங்கள், நான்காம் தளத்துப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளத்துப் பாலம். இரண்டும் ஒன்றாக அறுந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதலில் போட்ட வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீளமான கம்பி வந்து இரண்டு பாலங்களையும் தாங்கியது. அவ்வளவு நீளக் கம்பியில் நடுவரை மரை வெட்டி நட்டை ஏற்றுவது பெரிய பாடு என்று, செய்து கொடுக்கும் கம்பெனி கம்பியை இரண்டாக்கச் சொன்னது: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஒரு கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது வேறு, மேலே தொங்குகிறவன் காலைக் கீழே இருப்பவன் பிடித்துக்கொண்டு தொங்குவது வேறு. கயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான், மேலே இருப்பவனின் கைக்குத்தான் பாரம் இரண்டு மடங்கு. மேல் பாலத்துக்கு அடியில் இருந்த நட்டின் கதி அதுதான். முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட பலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் தாங்கும் என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது, மாற்றிய பிறகு அதிலும் பாதி. அந்த இணைப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தது யார்? யாருமே இல்லை. இன்ஜினியரிங் அலுவலகம் அதைத் தயாரிப்பாளர் பார்ப்பார் என்று இருந்தது, தயாரிப்பாளர் அலுவலகம் பார்த்திருக்கும் என்று இருந்தார். வரைபடத்தில் இன்ஜினியரின் முத்திரை மட்டும் ஒழுங்காக இருந்தது. பொறுப்பு இன்ஜினியர்களின் உரிமம் பறிக்கப்பட்டது.

18 கேஜ் குழாயும் அந்த இரண்டு கம்பியும் எனக்கு ஒரே விஷயமாகத்தான் தெரிகின்றன. டீம் வேலையில் தப்பு பெரும்பாலும் ஒருவருடைய வேலைக்குள் இருப்பதில்லை, இரண்டு பேர் வேலைக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் இருக்கிறது. அதனால் நான் வழிகாட்டுகிற பேட்ச்களிடம் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: மாற்றினால் சொல்லுங்கள். பொருள் மாறினால், அளவு மாறினால், சென்சார் மாடல் மாறினால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்ட மோட்டார் இல்லாமல் பக்கத்துக் கடையில் வேறு சுழல் வேகம் உள்ளதை வாங்கி வந்தால், அன்றைக்கே நான்கு பேருக்கும் எழுத்தில் போக வேண்டும். வாட்ஸ்அப் போதும், ஆனால் "ஓகே டா" என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது. அந்த மாற்றம் யாருடைய கணக்கைத் தொடுகிறதோ அவர் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு எழுத்தாவது போடச் சொல்வேன். அளந்தது, கணக்குப் போட்டது, டேட்டா ஷீட்டில் எடுத்தது, அனுமானித்தது. அனுமானித்தது என்று எழுதக் கூச்சப்படுகிறார்கள், மார்க் போய்விடுமோ என்று. வடிவமைப்பில் அனுமானம் இல்லாமல் எதுவும் நடக்காது, அதை அளந்த மாதிரி காட்டுவதுதான் தப்பு. பத்து ரீடிங்கில் மூன்று ஒத்துவரவில்லை என்றால் பத்தையும் போடுங்கள். "அந்த மூன்று ஏன் அப்படி வந்தது?" என்று வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் ஒருவர் கேட்டால், தெரியவில்லை சார், பாரம் அளக்கிற லோட் செல் சூடானதும் ரீடிங் நகர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறோம் என்று சொல்லுங்கள். நான் பார்த்த வரையில் ரிவ்யூவில் சொல்லக்கூடிய மிக நல்ல பதில்களில் அது ஒன்று.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் மனசு கஷ்டப்படுவது இங்கேதான்.

பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் வருடம் சேருகிற பிள்ளைகள் பல பேட்ச்களில் ஒருவராவது இருப்பார்கள். லேத், மில்லிங், வெல்டிங் எல்லாம் கை பழகியவர்கள். பிராஜெக்டின் பாதி உழைப்பு அவர்களுடையதாக இருக்கும். ஆனால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நிற்கும்போது பார்த்தால் கடைசியில் நிற்பார்கள். பிபிடியை எடுத்துப் பேசுவது நல்ல இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்த ஒருவர், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை அவரே. கேள்வி கேட்டால் பதிலும் அவரே, அவர் தொட்டே பார்க்காத பாகத்தைப் பற்றியும். மார்க் போடுகிறவர்களும் பேச்சைக் கேட்டுத்தான் போடுகிறார்கள். அப்புறம் அந்த வீடியோ, அந்தப் போட்டோ, லிங்க்ட்இனில் "நான் வடிவமைத்த" என்று போய்விடுகிறது. இன்டர்வியூவில் சொல்வதும் அதைத்தான். திருட்டு என்று சொன்னால் கோபப்படுவார்கள், ஆனால் வேறு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நண்பனுடைய கை உழைப்பை எடுத்து உன் பெயரில் வேலை வாங்குகிறாய். இதற்கு மருந்து ரொம்பச் சுலபம்: செய்தவர் அந்தப் பாகத்தைப் பேச வேண்டும், எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில். லிங்க்ட்இனில் போடும்போது மற்ற மூன்று பேரையும் டேக் செய்து, யார் எதைச் செய்தார்கள் என்று நான்கு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகள் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஓஎம்ஆர் பக்கமும் உள்ள பல கல்லூரிகளில் பெண்கள் ஹாஸ்டலுக்குச் சாயங்காலமே உள்ளே போய்விட வேண்டும், டே ஸ்காலர் என்றால் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். முக்கியமான முடிவுகள் எல்லாம் அதற்கு அப்புறம் ஆண்கள் ஹாஸ்டலில் எடுக்கப்படுகின்றன. மறுநாள் காலை வந்தால் டிசைனே மாறியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது ரிப்போர்ட் டைப் அடிப்பதும் சார்ட் ஒட்டுவதும்தான். பிறகு "அவ டாக்குமென்டேஷன் மட்டும்தான் பண்ணா" என்று பேச்சு வேறு. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் கொண்ட அணியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி. நல்ல விதி. அதை நிரப்புவதற்காகக் கடைசி நேரத்தில் வகுப்புத் தோழி ஒருவரின் பெயரைச் சேர்த்துவிட்டு, பிராப்ளம் ஸ்டேட்மென்ட் எது என்றுகூட அவரிடம் சொல்லாத அணிகளைப் பார்த்திருக்கிறேன். அணி முழுக்க இருக்கக்கூடிய நேரத்தில் மட்டும்தான் வடிவமைப்பு முடிவு எடுப்போம் என்று முதலிலேயே பேசி வையுங்கள். ராத்திரி யோசனை வந்தால் யோசனையாகவே இருக்கட்டும், காலையில் பேசி முடிவு செய்யலாம்.

வேலையே செய்யாமல் பெயர் மட்டும் போடுகிறவர்களைப் பற்றித்தான் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது. "நண்பன் மேடம், பெயரை எடுத்தா டிகிரியே போயிடும், எப்படி மேடம்?" நியாயமான கஷ்டம்தான், நட்பு பெரிய விஷயம். ஆனால் முதலில் அவர் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? ராத்திரி டெலிவரி வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அம்மா ஸ்டான்லியிலோ ராஜீவ் காந்தி மருத்துவமனையிலோ படுத்திருக்க, பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முடியாதவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. முடியாதவருக்கு ராத்திரி ஒரு மணிக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையைக் கொடுங்கள்: கணக்கைச் சரிபார்ப்பது, பழைய ஆய்வுகளைப் படித்துக் குறிப்பெடுப்பது, நிஜமான வேலைதான் இதெல்லாம். செய்யாதவரிடம் முகத்துக்கு நேராகப் பேசுங்கள், அவர் இல்லாத இன்னொரு குரூப் தொடங்கி அங்கே பேசாதீர்கள். முதல் ரிவ்யூவுக்கு முன்னால் பேசினால் சரி செய்ய வழி இருக்கும். மாறவில்லை என்றால் கைடிடம் அவரையும் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் போய்ப் புகார் சொல்வது யாருக்கும் நியாயம் செய்யாது.

இதற்கெல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். தேதி, யார், என்ன செய்தார், எவ்வளவு நேரம், யார் சரிபார்த்தார். வாரம் ஒருமுறை நான்கு பேரும் கையெழுத்து. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதையும் அதிலேயே எழுதலாம், ஆனால் அதிகப் பணம் போட்டவருக்கு அதிக உரிமை என்ற பேச்சு மட்டும் வேண்டாம். பங்கு கட்ட முடியாதவர் இருந்தால் விலை குறைவான டிசைனுக்குப் போங்கள், அதுவும் ஒரு வடிவமைப்புத் திறமைதான்.

ரெடிமேட் பிராஜெக்ட் விற்கிற இடங்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. வாங்காதீர்கள். ரிப்போர்ட்டை வேறு இடத்திலிருந்து அப்படியே எடுப்பது பற்றி பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் விதிமுறையே கொண்டுவந்தது, 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் போகப் போகத் தண்டனை கூடும். ஆனால் 10 சதவீதத்துக்குள் கொண்டுவருவதற்காக வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போடுவதில் ஒரு புண்ணியமும் இல்லை. சாட்ஜிபிடியில் புரோகிராம் எழுதி வாங்கினால் எந்தப் பகுதி என்று எழுதுங்கள், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அணியில் ஒருவராவது விளக்க முடிய வேண்டும்.

யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களை மறந்துவிட்டு இந்தப் பேச்சு எல்லாம் பேசக்கூடாது. சாக்கடை அடைப்பு எடுக்கும் ரோபோ என்று எக்ஸ்போவில் ஒரு ஸ்டாலாவது கட்டாயம் இருக்கும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பிறகும் சாவுச் செய்தி வந்துகொண்டிருக்கிற நாட்டில் அது வேண்டிய வேலை. ஆனால் அந்த வேலை செய்கிறவர்களில் யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்டால் பல நேரம் பதில் வராது. குழிக்குள் என்னவெல்லாம் கிடக்கும், சேறு எவ்வளவு கெட்டி, மூடியைத் திறந்ததும் என்ன செய்வார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஜர்னல் கட்டுரைக்கும் தெரியாது. போய்க் கேளுங்கள், மரியாதையோடு கேளுங்கள். அவர்கள் சொன்னது டிசைனை மாற்றியிருந்தால், அவர்கள் சம்மதித்தால், நன்றிப் பக்கத்தில் பெயர் போடுங்கள். சோதனைக்கு யாரையாவது உட்கார வைக்கிறீர்கள் என்றால், என்ன தப்பாகலாம் என்று அவருக்குப் புரிகிற மொழியில் முதலில் சொல்லுங்கள். கேம்பஸில் வேலை செய்கிற வாட்ச்மேன் அண்ணாவையோ ஆயா அம்மாவையோ "கொஞ்சம் உட்காருங்க" என்று கூப்பிட்டால் அவர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், சொல்ல முடியாது. அதனாலேயே அவர்களைக் கேட்கக்கூடாது.

சோதனை நடக்கும்போது அணியில் யார் "நிறுத்து" என்றாலும் நிறுத்த வேண்டும், காரணம் அப்புறம் கேட்கலாம். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட் இணைப்பை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் இறுகிப் போகும், அனுப்பாதீர்கள் என்று ராக்கெட் செய்த கம்பெனியின் இன்ஜினியர் ரோஜர் பாய்ஜாலியும் கூட இருந்த இன்ஜினியர்களும் வாதாடினார்கள், அவர்களுடைய கம்பெனி மேலாளர்களே கடைசியில் அதை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார்கள், மறுநாள் ஏழு பேர் போனார்கள். 13 மார்க்குக்காக எழுதுகிற அதே கேஸ்தான். லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று ஒரு மாணவி சொல்லும்போது, "டெமோ முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த மேலாளரின் நாற்காலியில் இருக்கிறீர்கள்.

இது கல்லூரி பிராஜெக்ட்தானே, இவ்வளவு கடுமை தேவையா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்டதுண்டு. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம் சென்னையை ஒட்டிய மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள், போரூர் முழுக்க மொட்டை மாடியில் நின்று பார்த்தது. கட்டிடத்தை வரைகிறவர்களும், கணக்குப் போடுகிறவர்களும், சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிறவர்களும் எல்லோரும் ஒரு காலத்தில் நான்கு பேர் பேட்ச்சில் ஒருவராக இருந்தவர்கள்தான். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த அன்று புதிதாக வருவதில்லை.

ரிவ்யூ பார்க்கப் போகிற நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிபிடி தொடங்குவதற்கு முன்னாலேயே, வரிசையில் கடைசியில் நிற்கிறவரைக் கூப்பிட்டு, "இதுல நீங்க செஞ்ச பாகத்தைக் காட்டுங்க" என்று தமிழில் கேளுங்கள். அவர் காட்டும்வரை மற்ற மூன்று பேரும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து, டிசைனில் போட்டதற்கும் செய்ததற்கும் எங்கே வித்தியாசம் வந்தது என்று கேளுங்கள். வித்தியாசமே இல்லை என்றால் ஒரு வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த லாங் சைஸ் நோட்டுக்கு இன்டர்னலில் கொஞ்சமாவது மார்க் ஒதுக்க முடியுமா என்று உங்கள் துறையில் பேசிப் பாருங்கள். நான் போகிற இரண்டொரு இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.